மூன்று செடானும் ஒரே மாதிரித் தெரிகிறதே, எதை எடுப்பது?

கேள்வி: ஒன்பது வருடமாக ஒரு சின்ன ஹேட்ச்பேக் ஓட்டுகிறேன். இப்போது செடானுக்கு மாறலாம் என்று டொயோட்டா கொரோலா ஹைப்ரிட், ஹோண்டா சிவிக் 1.5 டர்போ (சி.வி.டி. கியர்பாக்ஸ்), மாஸ்டா 3 (2.0 லிட்டர் பெட்ரோல், ஆட்டோமேட்டிக்) மூன்றையும் ஒரே சனிக்கிழமையில் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கால் மணி நேரம். மூன்றும் அருமையாகத்தான் இருந்தன. வீட்டுக்கு வந்து யோசித்தால் எது எப்படி இருந்தது என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. தினமும் போக வர 45 கி.மீ., அதில் பாதி நெடுஞ்சாலை. மனைவியும் ஓட்டுவார். பின்சீட்டில் ஆறு வயது மகன், அடிக்கடி என் அம்மா. இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கக் கேட்டால் தருவார்களா? தந்தால் எதைக் கவனிப்பது?

பதில்: கேட்டால் தருவார்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் கேட்காதீர்கள். வாரநாள் காலையில் போன் செய்து, "மூன்று காராகச் சுருக்கி வைத்திருக்கிறேன், இரண்டு வாரத்தில் முடிவு செய்துவிடுவேன், இந்த முறை முக்கால் மணி நேரம் வேண்டும்" என்று நேராகவே சொல்லுங்கள். வாங்கப்போகிறவர் என்று தெரிந்தால் சேல்ஸ்காரர் நேரம் ஒதுக்குவார். முடியவே முடியாது என்கிற ஷோரூமை நானாக இருந்தால் பட்டியலில் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். நாளைக்கு சர்வீஸுக்கும் அவர்களிடம்தானே போய் நிற்க வேண்டும்.

சரி, மூன்றும் ஏன் ஒன்று போலவே அருமையாக இருந்தன? நீங்கள் மூன்றையும் உங்கள் பழைய காரோடு ஒப்பிட்டுவிட்டீர்கள். ஒன்பது வருடம் உழைத்த ஷாக் அப்சார்பர், அமுங்கிப்போன சீட், தேய்ந்த டயர். அதிலிருந்து இறங்கி எந்தப் புது காரில் ஏறினாலும் மிதப்பது போலத்தான் இருக்கும். அந்த மயக்கம் தெளியவே கால் மணி நேரம் ஆகிவிடும், அதற்குள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அந்தச் சனிக்கிழமையை வெறும் அறிமுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பீடு இனிமேல்தான்.

முடிந்தால் மூன்றையும் ஒரே நாளில், ஒரே பாதையில் ஓட்டுங்கள். மூன்றாவதை முடித்த கையோடு முதலில் ஓட்டியதை இன்னொரு பத்து நிமிடம் ஓட்டுங்கள். இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முதல் கார் எப்போதும் பழைய காரோடு மோதி ஜெயிக்கிறது. மற்ற இரண்டையும் ஓட்டிவிட்டு அதற்குத் திரும்பும்போது, காலையில் லேசாகத் தெரிந்த ஸ்டீயரிங் இப்போது வெறுமையாகத் தெரியலாம், அமைதி என்று நினைத்தது சாதாரணம் என்று படலாம். சில சமயம் நேர்மாறாகவும் நடக்கும்.

பாதையை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஷோரூம்காரர்கள் வழக்கமாகக் கூட்டிப்போகும் பாதை வழவழப்பான சாலையாக, திருப்பம் குறைந்ததாக இருக்கும். உங்கள் பாதையில் தினமும் நீங்கள் படும் பாடு இருக்க வேண்டும்: ஒரு வேகத்தடை, கொஞ்சம் உடைந்த தார், நெடுஞ்சாலையில் ஏறிக் கலக்கும் இடம், ஒரு ஏற்றம், கடைசியில் இரண்டு கார்களுக்கு நடுவே ரிவர்ஸ் பார்க்கிங்.

ஏறுவதற்கு முன் காரின் டயரைக் குனிந்து பாருங்கள். டெஸ்ட் டிரைவுக்கு நிறுத்தியிருப்பது பெரும்பாலும் உச்ச வேரியண்ட்டாக இருக்கும், பெரிய வீல் மாட்டியிருப்பார்கள். நீங்கள் வாங்குவது நடு வேரியண்ட்டாக இருந்தால் அது வேறு கார் என்றே சொல்லலாம். உதாரணத்துக்கு 205/55 ஆர்16 டயரின் பக்கச் சுவர் உயரம் சுமார் 113 மி.மீ., 225/40 ஆர்18 டயருக்கு 90 மி.மீ. பள்ளத்தில் இறங்கும்போது முதல் மெத்தை அந்த ரப்பர்தான். அதில் 23 மி.மீ. போய்விட்டால் இடுப்புக்குத் தெரியும். காற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தொழிற்சாலையிலிருந்து ஏற்றி அனுப்பும்போது டயரில் காற்றைக் கூடுதலாக அடைப்பது வழக்கம், ஷோரூமில் அதைக் குறைக்க மறந்துவிடுவதும் உண்டு. இருக்க வேண்டிய அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். காற்று அதிகமாக இருக்கும் காரை ஓட்டிவிட்டு "சஸ்பென்ஷன் கடினம்" என்று தள்ளிவிட்டால் அந்தக் காருக்கு நீங்கள் செய்கிற அநியாயம்.

அடுத்தது சீட். வண்டியைக் கிளப்பும் முன் ஐந்து நிமிடம் இதற்கே கொடுங்கள். முதுகு சீட்டோடு ஒட்டியிருக்கும்போது கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும், பிரேக்கை முழுதாக மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடிந்தே இருக்க வேண்டும். ஸ்டீயரிங் போதுமான தூரம் வெளியே வராத கார்களில் கைக்குச் சரியாக வைத்தால் காலுக்கு நெருக்கம், காலுக்குச் சரியாக வைத்தால் கைக்கு எட்டாது. கால் மணி நேரத்தில் இது வலிக்காது. உங்கள் பயணத்துக்கு மூன்றாவது வாரத்தில் தோள்பட்டை சொல்லும்.

கிளம்பியதும் பாட்டை நிறுத்திவிட்டு, கூட வருபவரிடம் பத்து நிமிடம் பேசாமல் வரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. உடைந்த சாலையில் 30, 40 கி.மீ. வேகத்தில் போகும்போது சத்தம் எங்கிருந்து வருகிறது, அதிர்வு ஸ்டீயரிங்கில் தெரிகிறதா, சீட்டில் தெரிகிறதா என்று கவனியுங்கள். வேகத்தடையை ஒரு முறை நேராகவும், இன்னொரு முறை ஒரு சக்கரம் முன்னால் ஏறுகிற மாதிரிச் சாய்வாகவும் கடந்து பாருங்கள். இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. இப்போதைய சிவிக்கிலும், கொரோலா செடானில் பெரும்பாலான சந்தைகளிலும், பின் சக்கரங்களுக்குத் தனித்தனி மல்டிலிங்க் சஸ்பென்ஷன். மாஸ்டா 3 முன்பு அப்படித்தான் இருந்தது, 2019-ல் வந்த தலைமுறையில் இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே முறுக்குத் தண்டால் இணைக்கும் டார்ஷன் பீமுக்கு மாறியது. இதை வைத்தே இது மட்டம், அது உசத்தி என்று சொல்லிவிட முடியாது. மாஸ்டா அதை நன்றாகவே பழக்கியிருக்கிறது, நல்ல சாலையில் ஓட்டுநருக்குப் பெரிதாகத் தெரியாது. தெரிந்தால் பின்சீட்டில்தான் தெரியும். அதனால் பாதையில் ஒரு பகுதிக்கு மனைவியை ஓட்டச் சொல்லி நீங்கள் பின்னால் உட்காருங்கள். அம்மா வர முடிந்தால் இன்னும் நல்லது. அவர் தலையைக் குனிந்து ஏறும் விதத்திலேயே பாதிப் பதில் கிடைத்துவிடும். செடானின் கூரை பின்னால் சரிந்து வருவதால் கதவின் மேல்விளிம்பு தலைக்கு நெருங்கி வரும். கார் கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தில் இது எதுவும் இருக்காது. மூன்று கார்களின் வீல்பேஸையும் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம்) பாருங்களேன்: கொரோலா செடான் சுமார் 2,700 மி.மீ., மாஸ்டா 2,725, சிவிக் 2,735. மொத்த வித்தியாசமே மூன்றரை செ.மீ. ஆனால் ஓட்டுநர் சீட்டை உங்களுக்கு ஏற்றபடி வைத்துவிட்டு அதன் பின்னாலேயே போய் உட்கார்ந்தால் முழங்காலுக்குக் கிடைக்கும் இடம் காருக்குக் கார் வேறு.

உங்கள் மூன்று கார்களும் உண்மையில் பிரிவது கியர்பாக்ஸில். மாஸ்டாவில் இருப்பது ஆறு கியர் கொண்ட, டார்க் கன்வர்ட்டர் வகை வழக்கமான ஆட்டோமேட்டிக். சிவிக்கின் சி.வி.டி.யில் கியர்களே கிடையாது, இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடும் பெல்ட் விகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். கொரோலா ஹைப்ரிட்டையும் இ-சி.வி.டி. என்றுதான் எழுதியிருப்பார்கள், ஆனால் உள்ளே பெல்ட் இல்லை. ஒரு பற்சக்கரத் தொகுதியும் இரண்டு மின் மோட்டார்களும் இன்ஜினோடு சேர்ந்து வேலை செய்கின்றன. 1997-ல் டொயோட்டாவின் முதல் ஹைப்ரிட்டான பிரியஸ் வந்தபோது இருந்த அதே அடிப்படைதான்.

இந்த வித்தியாசத்தை நெடுஞ்சாலையில் கலக்கும் இடத்தில் சோதியுங்கள். 40-லிருந்து 80 கி.மீ. வேகத்துக்கு முதலில் நிதானமாக, அடுத்த முறை இடம் பார்த்து முழுதாக மிதித்து. மாஸ்டா கியரைக் குறைத்துக்கொண்டு உறுமும். டர்போ இல்லாத இன்ஜின், முழு இழுவை நிமிடத்துக்குச் சுமார் 4,000 சுற்றில்தான் வரும், அதனால் அந்த உறுமல் தேவைதான். சிவிக்கின் டர்போவுக்கு முழு இழுவை 1,700 சுற்று வாக்கிலேயே கிடைத்துவிடும், பாதி மிதித்தாலே போதும். ஆனால் முழுதாக மிதித்தால் இன்ஜின் சத்தம் முதலில் ஏறி வேகம் பின்னால் வருகிற மாதிரி ஒரு ரப்பர்தன்மை தெரியலாம். கொரோலா நகருக்குள் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும், நீளமான ஏற்றத்தில் மட்டும் ஒரே சுருதியில் முனகும். உங்கள் பயணத்தில் பாதி நெரிசல், பாதி நெடுஞ்சாலை என்றால் எந்தப் பாதி உங்களை அதிகம் எரிச்சல்படுத்துகிறது என்று யோசியுங்கள். எனக்கு நெரிசல்தான். அதனால் என் சாய்வு ஹைப்ரிட் பக்கம், சொல்லிவிடுகிறேன். ஏற்றத்து முனகல் உங்கள் காதை அரித்தால் என் சாய்வைப் பொருட்படுத்தாதீர்கள்.

ஹைப்ரிட்டில் பிரேக்கைத் தனியாகக் கவனிக்க வேண்டும். முதலில் மோட்டார் வேகத்தை உறிஞ்சி பேட்டரிக்கு அனுப்புகிறது, நிற்கப்போகும் நேரத்தில் சாதாரண பிரேக் பிடிக்கிறது. இந்தக் கைமாறும் இடம் சிலருக்குக் காலில் தட்டும். சிக்னலுக்கு ஊர்ந்து வந்து நிற்பதைப் பத்து முறை செய்து பாருங்கள்.

மைலேஜ் விஷயத்தில் டெஸ்ட் டிரைவ் மீட்டரை நம்பாதீர்கள். ஹைப்ரிட் நிறைந்த பேட்டரியோடு கிளம்பினால் எண் அள்ளிவிடும், காலி பேட்டரியோடு கிளம்பினால் கைவிட்டுவிடும். காலையில் ஆறிய இன்ஜினோடு கிளம்பிய காரையும், மதியம் மூன்று பேர் ஓட்டிச் சூடேறிய காரையும் ஒப்பிடவே கூடாது. அதைவிட ஆய்வக எண்ணே மேல். ஐரோப்பாவில் 2017 முதல் நடைமுறையில் உள்ள டபிள்யூ.எல்.டி.பி. சோதனை 30 நிமிடம், சுமார் 23 கி.மீ., சராசரி வேகம் 46.5 கி.மீ. ஏறக்குறைய உங்கள் ஒருவழிப் பயணம்தான். ஏசி அணைத்து வைத்துச் சோதிப்பார்கள் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று காருக்கும் ஒரே சோதனையின் எண்ணை எடுங்கள், ஒன்றுக்கு ஒரு நாட்டு எண், இன்னொன்றுக்கு வேறு நாட்டு எண் என்று எடுத்தால் கணக்கு தப்பிவிடும்.

நெடுஞ்சாலை இரைச்சலுக்கு போனில் டெசிபல் செயலி போதும். அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் அதே போன், அதே இடம், அதே வேகம் என்றால் மூன்று காருக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கும். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது என்று பொருள், சின்ன எண் என்று ஒதுக்காதீர்கள்.

ஒரு முறையாவது இருட்டிய பிறகு ஓட்டுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு செடானைப் பட்டப்பகலில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துத் திருப்தியாக வாங்கினேன், எந்த கார் என்பது இங்கே வேண்டாம். முதல் மழை இரவில்தான் தெரிந்தது: நடுவில் இருக்கும் பெரிய திரையின் வெளிச்சம் பக்க ஜன்னல் கண்ணாடியில் பட்டு, நான் சைடு மிரரைப் பார்க்கும் அதே இடத்தில் நீலமாக நின்றது. பின்னால் வரும் வண்டியின் விளக்கு எது, என் காரின் திரை எது என்று பிரிக்க ஒரு நொடி கூடுதலாக ஆகும். விற்கும்வரை இரவில் திரையை அணைத்துவிட்டுத்தான் ஓட்டினேன். ஹெட்லைட்டும் இப்படித்தான். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 2016-ல் முதல்முறையாக 31 நடுத்தர கார்களின் ஹெட்லைட்களைச் சோதித்துத் தரம் பிரித்தபோது, 'நன்று' என்ற தரம் ஒரே ஒரு காருக்குத்தான் கிடைத்தது. ஒரே மாடலில் வேரியண்ட்டுக்கு வேரியண்ட் விளக்கு மாறும், நீங்கள் வாங்கும் வேரியண்ட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

டிக்கியின் லிட்டர் கணக்கை வைத்து ஏமாறாதீர்கள். ஜெர்மானிய கார் தொழில் சங்கத்தின் வி.டி.ஏ. முறையில் 20 × 10 × 5 செ.மீ. அளவுள்ள ஒரு லிட்டர் கட்டைகளை மூலைமுடுக்கெல்லாம் அடுக்கி எண்ணுவார்கள். உங்கள் பெட்டி கட்டை இல்லை. செடானில் டிக்கிக்குள் இடம் இருந்தாலும் வாய் சின்னது, மூடும்போது கீல் கம்பி உள்ளே இறங்கிப் பெட்டியை அழுத்தும். வீட்டில் இருக்கும் பெரிய பெட்டியையும் மகனின் குழந்தை சீட்டையும் கையோடு கொண்டுபோய் வைத்து மூடிப் பாருங்கள். பாதுகாப்பு நட்சத்திரங்களைப் பார்க்கும்போது எந்த வருடச் சோதனை என்பதையும் சேர்த்துப் பாருங்கள், விதிமுறைகள் கடினமாகிக்கொண்டே வருவதால் பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றில்லை.

ஒவ்வொரு காரிலிருந்தும் இறங்குவதற்கு முன், கதவைத் திறக்காமல், போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிடித்ததை விடுங்கள், எரிச்சலூட்டியதை மட்டும் சொல்லுங்கள். மனைவியும் தனியாக அதையே செய்யட்டும். மூன்று காரும் முடியும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள வேண்டாம், ஒருவர் "இது சூப்பர்" என்றதும் மற்றவர் கண்ணுக்குக் குறை தெரியாமல் போய்விடும். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து இரண்டு பேர் பதிவையும் கேளுங்கள். இருவரும் ஒரே காரின் ஒரே குறையைச் சொல்லியிருந்தால் அந்தக் காரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். மீதி இரண்டில் இழுபறி என்றால், தினமும் 45 கி.மீ. ஓட்டப்போவது யாரோ அவர் சொல்வதை எடுங்கள். ஒரே நிபந்தனை, அம்மா ஏற முடியாத காராக அது இருக்கக் கூடாது.