பழைய மெசி 135 உழவு இயந்திரத்தின் ரேடியேற்றர் ஒழுகுகிறது. மஞ்சள் தூள் போட்டு அடைக்கலாமா, இல்லை புதிதுதான் வாங்க வேண்டுமா?

மஞ்சள் தூள் போடாதீர்கள். போட்டுப் பட்டவன் சொல்கிறேன்.

எங்களுக்கு கிளிநொச்சியில் முரசுமோட்டைப் பக்கம் வயல். அப்பாவின் 135 இன்னும் ஓடுகிறது. சில வருடங்களுக்கு முன் புழுதி உழவின் நடுவில் ரேடியேற்றர் ஒழுகத் தொடங்கியது. மழைக்கு முன் விதைக்கிற அவசரத்தில், யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு கரண்டி மஞ்சள் தூள் போட்டேன். ஒழுக்கு நின்றது. நாலாம் நாள் சூடு காட்டும் ஊசி சிவப்பில் போய் நின்றது. கழற்றிப் பார்த்தால், சுண்ணாம்பு படிந்து ஏற்கனவே ஒடுங்கிக் கிடந்த குழாய்களையும் மஞ்சள் சேர்த்து அடைத்திருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கொதித்த கேத்திலின் அடியைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

சரி, உங்களுடையதற்கு வருவோம். முதலில் ஒழுகுவது ரேடியேற்றர்தானா என்று பாருங்கள். ஹோஸ் கிளிப் தளர்ந்தாலும், தண்ணீர்ப் பம்ப் கசிந்தாலும் கீழே அதே ஈரம்தான். தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் கதை வேறு, அது இயந்திரத்தின் தலைப்பகுதிக் கோளாறு. எதுவானாலும் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்க வேண்டாம், ஆவி முகத்தில் அடிக்கும்.

அந்தக் காலத்து ரேடியேற்றர் செம்பும் பித்தளையும் என்பதால் பற்றவைக்கிற ஈயம் (வெள்ளீயம் கலந்தது) பிடிக்கும். இறக்கி, ஒரு ஹோஸ் வாயைப் பழைய ரியூப் துண்டால் மூடி இறுக்கிக் கட்டுங்கள். மற்ற வாயில் வால்வு உள்ள ரியூப் துண்டைக் கட்டி, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டிக்குள் அமிழ்த்தி, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று அடியுங்கள். குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. எங்களுடையதின் மூடியில் அமுக்கம் 7 இறாத்தல் (சதுர அங்குலத்துக்கு) என்று பொறித்திருந்தது. அதற்கு மேல் அடித்தால் நன்றாக இருக்கும் மூட்டுகளையும் நீங்களே பிரித்துவிடுவீர்கள்.

ஒட்டுகிற வேலையை நான் கராச் அண்ணையிடம் கொடுத்தேன். 1990களில் பொருளாதாரத் தடையால் உதிரிப்பாகம் வன்னிக்குள் வராத நாட்களில், இருந்ததை ஒட்டி ஒட்டியே ஓட வைத்த கை அது. "தம்பி, ஈயம் உருக்கிறது வேலையில்லை, ஊத்தை எடுக்கிறதுதான் வேலை" என்றார். அடித்தொட்டியின் மூலையில் மயிரிழை வெடிப்பு. அதைச் சுற்றிப் பச்சைக் களிம்பு போய் மஞ்சள் பளபளப்பு வரும்வரை அரை மணித்தியாலம் சுரண்டினார். பிறகு, ரோச் பற்றரியின் துத்தநாகக் கோதைக் கரைத்து வீரியம் அடக்கி வைத்திருந்த அமிலத்தைத் தடவினார். சூடான ஈயக்கோல் பட்டதும் 'சுர்' என்று ஒரு சத்தம், ஈயம் தண்ணீர் மாதிரி வெடிப்புக்குள் ஓடிப் படிந்தது. காஸ் விளக்கின் நெருப்பை அதில் நேராகப் பிடிக்கவே இல்லை. இந்தக் கலப்பு ஈயம் ஏறத்தாழ 200 பாகையிலேயே உருகிவிடும், பெரிய நெருப்புப் பட்டால் பக்கத்து மூட்டுகளும் கழன்றுவிடும். முடிந்ததும் சோப்புத் தண்ணீரால் அமிலத்தை நன்றாகக் கழுவினார். அதை விட்டால் அதுவே பித்தளையைத் தின்னும்.

அப்புறம்தான் கேட்டார், "இது ஏன் வெடிச்சது?" கீழே வைக்கும் றப்பர் உக்கி, இரும்பில் பித்தளை உட்கார்ந்து உழவு முழுக்க அதிர்ந்திருக்கிறது. பழைய ரயர் ரியூப்பை இரண்டாக மடித்து அடியில் வைத்து, சுரைகளை (நட்டுகளை) முறுக்கிக் கொல்லாமல் அளவாகப் பூட்டினோம். அதைச் செய்யாவிட்டால் அடுத்த காலபோகத்துக்கு (மாரி நெல்லுக்கு) அதே மூலை வெடித்திருக்கும்.

இப்போது பீப்பாயில் பிடித்த மழைத் தண்ணீரும் கூலன்ற்றும்தான் ஊற்றுகிறோம். மொத்தமே பத்து லீற்றர் அளவுதான். சூடு அடிக்கும் (நெல் போரடிக்கும்) காலத்தில் பதரும் கூளமும் முன்பக்கத்தை மூடிவிடும், விசிறிப் பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்து வெளியே தள்ளுங்கள். குழாய் ஒன்றிரண்டு ஓட்டையானால் அவற்றை இரு முனையிலும் ஈயத்தால் அடைத்துவிட்டு ஓடலாம். பாதிக் குழாய்கள் சுண்ணாம்பேறிக் கிடந்தால் மட்டும் புதிதுக்குக் காசைத் தேடுங்கள்.