இளையவளுக்கும் ஆட்டிசமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். மூத்த மகனுக்கு 6 வயது, ஆட்டிசம். இளையவளுக்கு ஒன்றரை வயது. குல்லா மாட்டினாலே வீரிட்டு அழுகிறாள், கடிக்கிறாள், சுவரில் தலையை முட்டுகிறாள். எல்லாம் நான் கொடுத்த செல்லமும் செல்போனும்தான் என்கிறார் மாமியார். இவளுக்கும் ஆட்டிசமா? என் வளர்ப்பு சரியில்லையா?

பதில்: உங்கள் வளர்ப்பால் ஆட்டிசம் வராது. அம்மாவுக்குப் பாசம் போதாததால்தான் வருகிறது என்று 1950, 60-களில் மேலைநாட்டு மருத்துவர்களே சொல்லித் தாய்மார்களை வாட்டினார்கள். அந்தக் கருத்து எப்போதோ கைவிடப்பட்டது. மரபணுக்களின் பங்குதான் பெரிது. இந்தப் பத்தியை மாமியாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்ததற்கும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று; பெண் குழந்தைக்கு இன்னும் குறைவு. ஆனால் அழுகையையும் கடியையும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பேச்சு வராத இந்த வயதில் பல குழந்தைகள் அப்படித்தான். நான் பார்ப்பது வேறு. பேர் சொன்னால் திரும்புகிறாளா? டாட்டா காட்டுகிறாளா? தோட்டத்தில் காட்டெருமை நின்றால் விரலை நீட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாளா? பிஸ்கெட்டுக்காகக் கை நீட்டுவது இதில் சேராது. பார்த்ததைப் பகிர்ந்துகொள்ளத்தான் சுட்ட வேண்டும். பேசிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோயிருந்தால் ஒருநாளும் தள்ளிப்போட வேண்டாம்.

ஆட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடிவாதத்தை இப்போதே கையாளலாம். கம்பளி உறுத்தலாம், உள்ளே பருத்தித் துணி வைத்து, முதலில் குல்லாவை அவள் கையில் கொடுத்துவிட்டு மாட்டுங்கள். தலையை முட்டுவது சளியால் வந்த காதுவலியாகவும் இருக்கலாம், காதைக் காட்டிவிடுங்கள். கத்திய பிறகு செல்போன் கொடுத்தால், கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வாள். கத்துவதற்கு முன், கை நீட்டும்போதே "தா" என்று சொல்லி வேண்டியதைக் கொடுங்கள். செல்போனை மட்டும் இந்த வயதில் எடுத்தே வைத்துவிடுங்கள். வீட்டில் எல்லோரும் இதையே செய்தால்தான் பலிக்கும். கடித்த பிள்ளையைத் திருப்பிக் கடித்துக் காட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு, வேண்டவே வேண்டாம். இலை பறித்து வந்த அலுப்பில், மூத்தவனையும் பார்த்துக்கொண்டு, நாள் முழுக்கப் பொறுமையாக இருக்க யாராலும் முடியாது. தினமும் பத்து நிமிடம் எதிரே உட்கார்ந்து, அவள் எதைத் தொடுகிறாளோ அதன் பேரைச் சொல்லி விளையாடினால் போதும். அந்த நேரத்தில் மூத்தவனை மாமியார் பார்த்துக்கொள்ளட்டும்.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு ஆட்டிச அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க, 20 கேள்விகள் கொண்ட எம்-சாட் என்ற படிவம் உண்டு. அதைக் கேட்டு நிரப்புங்கள். பேர் சொல்லியும் திரும்பாவிட்டால் செவித்திறன் சோதனையும் தேவை. சந்தேகம் என்றாலே பேச்சையும் பழகுவதையும் வளர்க்கும் பயிற்சியைத் தொடங்கிவிடலாம், ஆட்டிசம் என்று உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டாம். மூத்தவனின் ரிப்போர்ட்டுகளோடு, அவள் அடம்பிடிப்பதையும் விளையாடுவதையும் செல்போனில் படம் பிடித்து எடுத்துப் போங்கள். டாக்டர் முன்னால் அன்றைக்குப் பார்த்துச் சமர்த்தாக உட்கார்ந்திருப்பாள்.