மைத்துனரின் ஒன்றரை மணி நேரக் கணக்கு

கேள்வி: கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் என் மைத்துனர், நண்பர்கள் மூவரோடு பங்கு போட்டுப் பழைய செஸ்னா 172 என்ற நான்கு இருக்கைக் குட்டி விமானம் ஒன்றை வாங்கியிருக்கிறார். "பாலோ ஆல்டோவிலிருந்து தாஹோ ஏரிப் பக்கம் காரில் போனால் நான்கு மணி நேரம், எனக்கு ஒன்றரை மணி நேரம். இனி கார் எதற்கு?" என்கிறார். ஜூலையில் குடும்பத்தோடு அங்கே போகிறோம். அவர் சொல்வது சரிதானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஒன்றரை மணி நேரம் என்பது பொய்யில்லை. சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை அவ்வளவுதான் ஆகும். வீட்டு வாசலில் ஓடுதளம் இல்லை என்பதை மட்டும் மைத்துனர் மறந்துவிட்டார்.

முதலில் விமான நிலையத்துக்குப் போக வேண்டும், அதுவும் காரில்தான். அங்கே போனதும் ஏறி உட்கார்ந்துவிட முடியாது. நண்பர் ஒருவரோடு ஒருமுறை போயிருந்தேன். இறக்கைக்கு அடியிலிருந்து சிறு குப்பியில் பெட்ரோலை வடித்து, வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நிறம் இளநீலமாக இருக்க வேண்டுமாம். அடியில் ஒரு நீர்த்துளி முத்துபோல் உருண்டது. அது வராமல் நிற்கும்வரை வடித்துக்கொண்டே இருந்தார். பிறகு ஆயில், டயர், இறக்கையின் கீல்கள் என்று விமானத்தைச் சுற்றி ஒரு பிரதட்சிணம். அவர் அவசரப்படவில்லை, அதனால்தான் நான் ஏறினேன். போய் இறங்கிய பிறகும் விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, வாடகைக் காருக்குக் காத்திருக்க வேண்டும். எல்லாம் சேர்த்தால் மூன்று மணி நேரம். மிச்சம் ஒரு மணி.

இனி எடை. நான்கு இருக்கை என்றால் நான்கு பேர் என்று நினைத்துவிடாதீர்கள். மாடலுக்கு மாடல் சற்று மாறும் என்றாலும், டேங்கை முழுக்க நிரப்பினால் ஆட்களுக்கும் பைகளுக்கும் மிஞ்சுவது சுமார் 250 கிலோதான். நான்கு பெரியவர்களே அதைத் தாண்டிவிடுவார்கள். உங்கள் மனைவி உடன்பிறந்தவருக்காகச் சுமந்துவரும் முறுக்கு டின்னையும் ஊறுகாய் ஜாடியையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. புறப்படுமுன் மைத்துனர் ஒவ்வொருவரின் எடையையும் கேட்பார். நாகரிகம் பார்க்காமல் உண்மையைச் சொல்லுங்கள். அவர் கேட்கவே இல்லை என்றால் ஏறாதீர்கள்.

தாஹோவுக்குப் பக்கத்தில் இருக்கும் டிரக்கி விமான நிலையம் சுமார் 5,900 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூலை பிற்பகலில் 30 டிகிரி வெயில் அடித்தால் காற்று மெலிந்து, விமானத்துக்கு அது 9,000 அடி மாதிரி ஆகிவிடும். ஓடுதளத்தில் நெடுந்தூரம் ஓடும், மெதுவாக ஏறும், சுற்றிலும் மலை. சரி, குளிர்காலத்தில் போகலாமா? மேகத்துக்குள் இறக்கையில் பனி உறையும். அந்த நிலையில் பறக்க செஸ்னா 172-க்கு அனுமதியே கிடையாது. சாலையில் கார்கள் டயருக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டு ஊர்ந்தாவது போய்ச் சேரும்.

பணக் கணக்கை நீட்ட விரும்பவில்லை. மணிக்குச் சுமார் 32 லிட்டர் குடிக்கும், கார் பெட்ரோலைவிட விலை கூடிய எரிபொருள், சட்டப்படி வருடாந்தரப் பரிசோதனை, நிறுத்த வாடகை, காப்பீடு. நால்வர் பங்கு போட்டதன் ரகசியம் இதுதான்.

என்னை உறுத்துவது வேறு. காரில் மூடுபனி வந்தால் ஓரமாக நிறுத்தி டீ குடிக்கலாம். 1999 ஜூலை 16 அன்று, மறுநாள் உறவினர் திருமணத்துக்காக, அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தன் குட்டி விமானத்தில் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்து கிளம்பினார். கிளம்பும்போதே இரவு எட்டரை மணி தாண்டிவிட்டது. கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதியை அவர் பெற்றிருக்கவில்லை. கடல் மேல் இருட்டும் புகைமூட்டமும் சேர்ந்து, எது மேல் எது கீழ் என்ற உணர்வு தப்பியது. மூவரும் இறந்தார்கள். அமெரிக்காவில் இத்தகைய தனியார் பறத்தலில் ஒரு லட்சம் மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஓர் உயிர்ச்சேத விபத்து நடக்கிறது. கடக்கும் தூரத்தை வைத்துப் பார்த்தால் காரைவிடப் பல மடங்கு அதிகம்.

குட்டி விமானம் காரை வெல்லும் இடமே இல்லையா? உண்டு. அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவுக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது. அந்த மாநிலத்தின் பெரும்பாலான ஊர்கள் அப்படித்தான். கலிபோர்னியாவிலேயே கேட்டலினா தீவில் மலையுச்சியில் ஒரு விமானத் தளம் இருக்கிறது. கார் கடலைத் தாண்டுமா? அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமானத் தளங்கள் சுமார் 5,000. பயணிகள் விமானம் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு, வானம் தெளிந்த நாளில், அவசரமில்லாதவர் போய் இறங்கலாம்.

உங்கள் மைத்துனருக்குப் பறக்க ஆசை. எனக்கே உண்டு. அதை ஆசை என்று சொல்லிவிட்டுப் போகட்டுமே, அக்காளிடம் லாபக் கணக்கு காட்டுவானேன்?

தாராளமாக ஏறுங்கள், விடியற்காலைக் குளிர்ச்சியில், பாதிப் பைகளோடு. ஆனால் மறுநாள் சான் பிரான்சிஸ்கோவில் ஊர் திரும்பும் விமானத்தைப் பிடிக்க வேண்டியிருந்தால், தாஹோவிலிருந்து காரில் வந்துவிடுங்கள்.