மழைக்காலத்தில் அவுட்போர்டு எஞ்சின்

கேள்வி: ஐப்பசியில் படகைக் கரையேற்றி, தையில் இறக்கினால், படகின் பின்புறம் மாட்டிய, கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) உள்ள பெட்ரோல் எஞ்சின் கிளம்ப மறுக்கிறது. ஏன்?
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: குளிர்நாடுகளில் தண்ணீர் உறைந்து எஞ்சினில் விரிசல் விழும். நமக்குப் பகை உப்பும் பழைய பெட்ரோலும்தான். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டரில் தேங்கினால் பிசினாகி, பெட்ரோல் பாயும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும். உங்கள் எஞ்சினில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

படகைக் கரையேற்றியதும், எஞ்சினில் நல்ல தண்ணீர்க் குழாயை மாட்டி 10 நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள். தண்ணீரில்லாமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள், குளிர்விக்கும் தண்ணீரை இறைக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் கருகிவிடும். முடிவில் பெட்ரோல் குழாயைக் கழற்றுங்கள், எஞ்சின் தானாக நிற்கட்டும். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து மிச்சத்தையும் வடியுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை மெல்ல இழுத்துச் சுற்றுங்கள்.

கியர் ஆயில் மாற்றுவதைத் தைக்குத் தள்ளிப்போடாதீர்கள்; பழையதை இப்போதே வடித்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது; புரொபெல்லரைக் கழற்றிப் பாருங்கள், தூண்டில் நரம்பு சுற்றி அந்த சீலை அறுத்திருக்கலாம். புது ஆயிலைக் கியர் பெட்டியின் கீழ்த்துளையில் ஏற்றி, மேல்துளையில் வழிந்ததும் மேல்திருகை முதலில் மூடுங்கள். வாஷர் புதிதாக இருக்கட்டும். எஞ்சினை நிமிர்த்தியே வையுங்கள்.