அமெரிக்காவில் படிக்கும் மகன் ஃப்ரெட்டர்னிட்டியில் சேரக் கேட்கிறான். அவர்கள் சொல்லும் கொள்கை, உறுப்பினர் தகுதி எல்லாம் உண்மைதானா?

கேள்வியைப் பார்த்தால் பையன் முதல் வருடம் போலிருக்கிறது. நீங்கள் ஊரில் உட்கார்ந்து, அவன் அனுப்பிய படங்களைப் பார்த்துப் பதறுகிறீர்கள். நான் ஒஹாயோவில் இளங்கலை படித்தபோது ஒரு ஃப்ரெட்டர்னிட்டியில், அதாவது கல்லூரி ஆண் மாணவர்கள் நடத்தும் சங்கத்தில், இருந்தவன். பெயர் வேண்டாம். ‘குடிகாரப் பயல்களுக்கு வக்காலத்தா?’ என்று கேட்கப்போகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுக் கேளுங்கள். அங்கே இருந்தவரை நான் குடித்ததில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

தாளில் எழுதியிருப்பது நன்றாகவே இருக்கும். சிக்மா கை என்ற பழைய அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1855-இல் ஒஹாயோவில் உள்ள மயாமி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது (புளோரிடா மயாமி இல்லை). அதை நிறுவியவர்களில் ஒருவரான ஐசக் ஜோர்டன் பெயரில் ஒரு தகுதிப் பட்டியல் உண்டு: நல்ல குணம், சுமாராகவாவது படிப்பு, முன்னுக்கு வரும் எண்ணம், இனிமையாகப் பழகும் சுபாவம், ஒழுக்கம், மான உணர்வு, பொறுப்பு. மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது போல இருக்கும். மற்ற அமைப்புகளிலும் வார்த்தைதான் மாறும், சங்கதி இதேதான். கூடவே கிரேடு சராசரி இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்று ஒரு விதி இருக்கும்.

கிரேடைத் தவிர இதில் எதையும் அளக்க முடியாது. அதனால் உண்மையான தகுதி என்னவென்று, யாரைச் சேர்ப்பது என ஓட்டுப் போடும் ராத்திரியில்தான் தெரியும். எங்கள் கிளையில் அது பேஸ்மென்ட்டில் நடக்கும். எல்லாருடைய ஃபோனையும் ஒரு ஷூ டப்பாவில் வாங்கிவைத்துவிடுவார்கள். டிவியில் பையன்களின் படம் ஒவ்வொன்றாக வரும். ‘இவனோடு யார் பேசினீர்கள்?’ என்று ஒரு சீனியர் கேட்பான். இரண்டு பேர் பேசுவார்கள், அப்புறம் கை தூக்க வேண்டியதுதான்.

அப்படி ஒரு ராத்திரி வந்த படம், கல்லூரி உணவுக்கூடத்தில் தட்டு கழுவும் வேலை பார்த்த பையனுடையது. ரஷ் வாரம் (சேர விரும்புகிறவர்கள் வந்து பழகிப் பார்க்கும் வாரம்) முழுக்க யூனிஃபார்ம் சட்டையோடு வந்து, ஷிஃப்ட்டுக்கு நேரமாகிறது என்று பாதியில் கிளம்பியவன். ‘நல்ல பையன்தான், ஆனா நமக்கு செட் ஆகமாட்டான்’ என்றான் ஒருவன். நாலைந்து தலை ஆடியது. நான் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த எங்கள் தகுதிப் பட்டியலைக் காட்டி, ‘இதில் எது அவனிடம் இல்லை?’ என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. ‘வேலையும் பார்த்துக்கொண்டு இங்கேயும் வருகிறானே, பொறுப்புக்கு இதுக்கு மேல என்ன வேணும்?’ என்றேன். மறுபடி ஓட்டெடுத்தார்கள், தேறிவிட்டான். எனக்கு இன்றைக்கும் அதில் பெருமைதான்.

ஆனால் அவன் சேரவில்லை. செமஸ்டர் சந்தா எவ்வளவு என்று கேட்டான், நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்தப் பட்டியலில் பணத்தைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

‘செட் ஆகமாட்டான்’ என்பதற்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை பல ஃப்ரெட்டர்னிட்டிகள் வெள்ளையர் மட்டும் என்று விதியிலேயே எழுதிவைத்திருந்தன. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் 1906-இல் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தாங்களே தொடங்கினார்கள். மேலே சொன்ன அதே சிக்மா கையின் ஸ்டான்ஃபோர்டு கிளை, 1965-இல் ஒரு கறுப்பின மாணவரைச் சேர்க்க முன்வந்தது. தேசியத் தலைமை கிளையையே இடைநீக்கம் செய்தது.

உடனே ‘வெள்ளைக்காரன் புத்தி’ என்று ஆரம்பிக்காதீர்கள். இங்கே அமெரிக்காவில் ஒரு பொங்கல் விழாவில் ஒரு மாமா என்னிடம் சொந்த ஊர் எது என்றார். ராஜபாளையம் பக்கம் என்றேன். ராஜபாளையத்தில் எந்தத் தெரு, தாத்தா பெயர் என்ன, குலதெய்வம் எது என்று போய்க்கொண்டே இருந்தது. அவருக்கு வேண்டிய பதில் கிடைக்கும்வரை என் தட்டில் இருந்த சர்க்கரைப் பொங்கலைத் தொடவிடவில்லை. அந்த மாமாவிடம் ஏழு தகுதியெல்லாம் கிடையாது, ஒன்றே ஒன்றுதான். சரி, அது வேறு கதை.

உங்கள் பயம் ஹேஸிங் (புதிதாகச் சேருகிறவர்களைப் படுத்தும் ராகிங்) பற்றி என்றால் அது நியாயமான பயம்தான். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2017-இல் புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவரை அளவுக்கு மீறிக் குடிக்கவைத்தார்கள். படியில் உருண்டு விழுந்தவருக்கு மணிக்கணக்காக யாரும் ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. இறந்துபோனார். 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொலையான பிறகு 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்த மாதிரி, பென்சில்வேனியாவிலும் மறு வருடமே சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். 2024 டிசம்பரில் நாடு முழுவதற்குமான சட்டமும் வந்துவிட்டது. ஹேஸிங்கில் சிக்கிய அமைப்புகளின் விவரத்தைக் கல்லூரிகள் இனி வெளியிட்டாக வேண்டும். முதலில் பையனின் கல்லூரித் தளத்தில் அந்த விவரத்தில் அவன் சேரக் கேட்கும் அமைப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் அவனிடம் கொள்கையைப் பற்றிக் கேட்காதீர்கள், ஒப்பித்துவிடுவான். சந்தா மொத்தம் எவ்வளவு, போன வருடம் சேர்ந்து பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர், அவர்களில் யாரோடாவது பேசினானா என்று கேளுங்கள். எந்தக் கல்லூரி, எந்தக் கிளை என்று கேள்வியில் சேர்த்தால், அங்கே படித்தவர்கள் யாராவது இன்னும் விவரமாகச் சொல்வார்கள்.