கொதிக்கும் ப்ராசஸர்: கேள்வி பதில்

கோடை தொடங்கியதும் மேசைக் கணினி சூடாகிறது, தானாக அணைகிறது என்ற கேள்விகள் குவிந்துவிட்டன. கேட்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: எத்தனை டிகிரி என்பதோடு, எவ்வளவு நேரத்தில் அந்தச் சூடு ஏறியது என்பதையும் எழுதுங்கள். பாதி விடை அதில்தான் இருக்கிறது.

மதுரையிலிருந்து: பத்தாம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசஸர். கடையில் தெர்மல் பேஸ்ட் மாற்றி வாங்கி வந்தேன். அன்று முதல், கணினியைப் போட்ட ஒரு நிமிடத்துக்குள் 95 டிகிரி. பேஸ்ட் மட்டமானதா?

பதில்: ப்ராசஸரின் வெப்பத்தை மேலே கடத்தத் தடவுவதுதான் பேஸ்ட். அதன் மேல் பழி போடாதீர்கள். ஒரு நிமிடத்துக்குள் ஏறுகிறது என்றால், வெப்பம் ப்ராசஸரைவிட்டு, அதன் மேல் உட்காரும் உலோகக் கட்டியான ஹீட்சிங்குக்குப் போய்ச் சேரவே இல்லை. தூசி அடைத்திருந்தால் சூடு மெல்லத்தான் ஏறும். அந்த உலோகக் கட்டி முழுவதும் சூடாகக் கால் மணி நேரம்கூட ஆகலாம். திரையில் 95 காட்டும்போது விசிறிக்கு விரலைக் கொடுக்காமல் ஹீட்சிங்கின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் கூலர், அதாவது ஹீட்சிங்கும் விசிறியும் சேர்ந்தது, சரியாக உட்காரவில்லை.

உங்களுடையது இன்டெல் பெட்டியோடு வந்த கூலர் என்றால் அதற்கு நான்கு பிளாஸ்டிக் ஊசிகள். ஒன்று முழுதாக இறங்காவிட்டாலும் கூலர் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். ஊசியின் தலையை அம்புக்குறி காட்டும் திசையில் திருப்பினால் கழலும். பொருத்தும்போது அது எதிர்த்திசையில் இருக்க வேண்டும். எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள், ஒரே பக்கத்தின் இரண்டையும் முதலில் அழுத்தாதீர்கள். பிறகு மதர்போர்டின் பின்புறத்தைப் பாருங்கள்: நான்கு துளைகளிலும் வெள்ளைக் கவை முழுதாக வெளியே வந்து விரிந்திருக்க வேண்டும். மதர்போர்டைக் கழற்றிப் பார்க்கச் சோம்பல்படுவதால்தான் இந்தக் கோளாறு கடையில் கண்ணில் படாமலே போய்விடுகிறது. கவை உடைந்திருந்தால், பின்தகடும் திருகும் கொண்ட கூலர் வாங்கிவிடுங்கள். ஒருமுறை தூக்கிய கூலரை அதே பேஸ்ட்டின் மேல் வைக்க வேண்டாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாக இடுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: ஏஎம்டியின் ரைசன் 5 7600எக்ஸ் ப்ராசஸர். வீடியோ ரெண்டர் செய்யும்போது 95 டிகிரி. பழுதா?

பதில்: இல்லை. அந்த வரிசை முழுச்சுமையில் 95 வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது. உறுத்தினால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை), மின்சாரத்தைக் குறைக்கும் ஈக்கோ முறையை 65 வாட்டுக்கு வையுங்கள்.

சேலத்திலிருந்து: ரைசன் 5 3600. பேஸ்ட் மாற்றக் கூலரைத் தூக்கினேன், ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சில ஊசிகள் வளைந்துள்ளன.

பதில்: எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. ஏஎம்4 (உங்கள் ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்) கூலரை நேராகத் தூக்காதீர்கள்! பத்து நிமிடம் கணினியை ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளக்குங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். வழுக்கிக்கொடுத்த பிறகே மேலே எடுங்கள். அந்தச் சாக்கெட்டுக்கு 1331 ஊசிகள். அவை ப்ராசஸரிலேயே இருக்கின்றன. வளைந்ததை, உள்ளிருக்கும் கரிக்குச்சியை எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் துளைக்குள் நுழைத்து நிமிர்த்தலாம். அவசரம் வேண்டாம், இரண்டாம் முறை வளைத்தால் ஒடியும்.

ஈரோட்டிலிருந்து: பேஸ்ட் எவ்வளவு வைப்பது?

பதில்: பட்டாணி அளவு.

திருச்சியிலிருந்து: விளையாடும்போது 20 நிமிடத்தில் 88. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேன் வைத்தேன், 70. இப்படியே விட்டுவிடலாமா?

பதில்: நல்ல சோதனை செய்தீர்கள், ஆனால் அது சிகிச்சை அல்ல. கூலர் சரி, கேபினெட்டுக்குள் காற்று ஓடவில்லை என்று தெரிந்துவிட்டது. முன்விசிறி உள்ளே இழுக்க வேண்டும், பின்விசிறி வெளியே தள்ள வேண்டும். இறக்கைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியேறும். திருப்பி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கணினி மேசையின் அடைத்த அறைக்குள் இருந்தால் வெளியே எடுங்கள்.

சென்னையிலிருந்து: இதை ஏற்க மாட்டேன். மூன்று ஆண்டுகளாகத் திறந்தே வைத்திருக்கிறேன், எந்தக் கோளாறும் இல்லை.

பதில்: உங்களுக்கு வரவில்லை, மகிழ்ச்சி. என் முதல் கணினியில் பல்லி புகுந்து மதர்போர்டு போயிற்று. கடலோரத்தில் உப்புக்காற்று வேறு.

சென்னையிலிருந்து மீண்டும்: பல்லியை வலை போட்டுத் தடுக்கலாம். என் அறை மே மாதம் 37 டிகிரி. மூடிவைத்தால் ப்ராசஸர் என்ன ஆகும்?

பதில்: நியாயமான கேள்வி. அறை எவ்வளவு ஏறுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவே ப்ராசஸரும் ஏறும். ஜனவரியில் 26 டிகிரி அறையில் 70 காட்டியது, மேயில் 81 காட்டினால் அது பழுதல்ல, வானிலை. திறந்து வைத்தால் ப்ராசஸருக்குச் சில டிகிரி குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்னிருந்து பின்னுக்கு ஓடும் காற்றோட்டம் கலைந்துவிடும். மதர்போர்டில் ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதி அந்தக் காற்றில்தான் குளிர்கிறது. ஒரு முன்விசிறி போட்டு, ஒரே நாளில், ஒரே அறையில் மூடியும் திறந்தும் அளந்து எழுதுங்கள்.

வேலூரிலிருந்து: எந்த நிறுவனத்தின் பேஸ்ட் நல்லது? தஞ்சாவூரிலிருந்து: பற்பசை போடலாமா?

பதில்: மீண்டும் பேஸ்ட்! நல்ல பேஸ்ட்டுகளுக்குள் வித்தியாசம் சில டிகிரிதான். பற்பசை காய்ந்து பாளமாகிவிடும், வேண்டவே வேண்டாம். திரவ உலோகத்தை அலுமினிய ஹீட்சிங்கில் தடவாதீர்கள். அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும். பேஸ்ட் கேள்விகளுக்கு இனிமேல் பதில் இல்லை.

புதுச்சேரியிலிருந்து: தண்ணீர்க் கூலர். நேற்றுவரை நன்றாக இருந்தது. இன்று போட்டவுடன் அரை நிமிடத்தில் 100, பிறகு அணைகிறது.

பதில்: பம்ப் நின்றிருக்கும். பயாஸில் பம்பின் சுழற்சி பூஜ்யமா என்று பாருங்கள். முதலில் அதன் ஒயர் கழன்றிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்க வேண்டாம்.

நாகர்கோவிலிலிருந்து: 65 டிகிரிதான் காட்டுகிறது, விளையாட்டின் நடுவே சட்டென்று அணைகிறது.

பதில்: ப்ராசஸரின் சூடு காரணமல்ல. கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதியுங்கள்.

கரூரிலிருந்து: லேப்டாப்...

பதில்: லேப்டாப் என் துறை அல்ல. பிரித்துப் பழகியவரிடம் கொடுங்கள்.

சென்னையிலிருந்து: அளந்துவிட்டேன். அறை 36. புதிய முன்விசிறியோடு மூடியபோது 79, திறந்தபோது 75.

பதில்: அறை வெப்பத்தையும் குறித்ததற்கு நன்றி. நான்கு டிகிரிக்காகத் திறந்து வைக்காதீர்கள், மூடிவிடுங்கள். முன்பக்கச் சல்லடையை மாதம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். உள்ளே ப்ளோயர் அடிக்கும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் போய்விடும்.