லட்சக்கணக்கானோர் வேலை பார்க்கும் நிறுவனத்தை ஒரு தலைமை நிர்வாகியால் உண்மையிலேயே மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் புதுத் திட்டம் போடுவதால் மட்டும் இல்லை, கெட்ட செய்தி மேலே வந்து சேர வழி செய்வதால்தான். ஃபோர்டு நல்ல உதாரணம். 2006இல் ஆலன் முலாலி விமான நிறுவனமான போயிங்கிலிருந்து அங்கே தலைமை நிர்வாகியாக வந்தபோது நிறுவனம் பல நூறு கோடி டாலர் நஷ்டத்தில் இருந்தது, ஆனால் அவர் தொடங்கிய வாராந்திரக் கூட்டத்தில் எல்லாத் துறைத் தலைவர்களும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தங்கள் வேலைக்குப் பச்சை நிறம் போட்டுக் காட்டினார்கள், ஏனென்றால் பிரச்சினை இருக்கிறது என்று சொன்னால் பதவி போய்விடும் என்ற பயம். அவர்களில் மார்க் ஃபீல்ட்ஸ் மட்டும் ஒருநாள் புதிய எட்ஜ் காரின் உற்பத்திக்குச் சிவப்பு போட்டார். முலாலி கைதட்டினார், யார் உதவ முடியும் என்று கேட்டார். அதற்கு அப்புறம்தான் மற்றவர்களும் சிவப்பு காட்டத் துணிந்தார்கள். என்னைப் பொறுத்தவரை திருப்பமே அதுதான்.

ஃபோர்டு தன்னிடம் இருந்த ஜாகுவார் லேண்ட் ரோவரை 2008இல் டாடாவுக்கும், வோல்வோ கார் பிரிவை 2010இல் சீனாவின் ஜீலிக்கும் விற்றது, முன்கூட்டியே பெரிய கடன் வாங்கி வைத்தது எல்லாமே முக்கியம்தான். 2009இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிறைஸ்லரும் திவாலானபோது ஃபோர்டு தப்பியது.